லண்டன் ராப் சொற்களுக்கு எந்த அகராதியை நம்பலாம்?

கிரைம், யுகே ட்ரில், ஆஃப்ரோஸ்விங் என்று பிரிட்டனின் நகரத்து இசையைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே ஏதாவது ஒரு சொல் இடறும். (கிரைம் என்றதும் குற்றம் என்று கொள்ள வேண்டாம். படிந்துபோன அழுக்கைக் குறிக்கும் வேறு சொல் இது. 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் போ வட்டாரத்தில் உருவான, நிமிடத்துக்கு 140 பீட் ஓடும் இசைவகையின் பெயர்.) அந்தச் சொல்லைத் தேடிப் போனால் மூன்று இணையதளங்கள்தான் அதிகம் கண்ணில் படும்: பாட்டு வரிகளுக்கு உரை தரும் ஜீனியஸ், யார் வேண்டுமானாலும் பொருள் எழுதும் அர்பன் டிக்ஷனரி, மேற்கோள்களோடு தொகுத்த கொச்சைச் சொல் அகராதியான கிரீன்ஸ் டிக்ஷனரி ஆஃப் ஸ்லாங். மூன்றுக்கும் காசு கிடையாது. ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைகளுக்கானவை. ஒன்று செய்ய வேண்டிய வேலையை இன்னொன்றிடம் கேட்பதால்தான் தவறான சொற்பிறப்புக் கதைகள் இவ்வளவு உலவுகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டிலிருந்து புழங்குகிறது என்று அறிய கிரீன்ஸ் ஒன்றுதான் சான்றோடு பேசுகிறது. குறிப்பிட்ட ஒரு வரியில் அந்தச் சொல் என்ன பொருளில் நிற்கிறது என்பதற்கு ஜீனியஸ் உதவும், சில நிபந்தனைகளோடு. அர்பன் டிக்ஷனரியில் பொருளை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் பயன்படும்.

பொது ஆங்கில அகராதி இங்கே ஏன் கைகொடுப்பதில்லை என்பதற்குக் காரணம் இந்தச் சொற்களின் பிறப்பிலேயே இருக்கிறது. 1948இல் வின்ட்ரஷ் கப்பல் வந்ததற்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் மற்ற கரீபியன் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்கள் தங்கள் கிரியோல் மொழியையும் (ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்க மொழிகள் கலந்து உருவான பேச்சு), பின்னாலேயே சவுண்ட் சிஸ்டம் பண்பாட்டையும் கொண்டுவந்தார்கள். பெரிய ஒலிபெருக்கிகள், இசைத்தட்டைத் தேர்ந்து போடும் செலக்டர், மைக் பிடித்துப் பேசிப் பாடும் டீஜே என்ற அமைப்பு அது. இன்றைய கிரைம் மேடையின் உறுப்புகள் பலவற்றுக்கும் பெயர் அங்கிருந்துதான். ரிதிம் என்பது பாட்டின் இசைத்தளம். டப்பிளேட் என்பது ஒரே ஒரு செலக்டருக்காக வெட்டிய அசிட்டேட் தட்டு. மென்மையானது, சில டஜன் முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும், அதனால்தான் அது வைத்திருப்பவருக்குப் பெருமை. வீல், ரீலோட், ரீவைண்ட், புல் அப் எல்லாமே ஒரே செயலுக்கான சொற்கள்: கூட்டம் ஆர்ப்பரித்தால் தட்டின் மேல் கையை வைத்துப் பின்னோக்கிச் சுழற்றி, பாட்டை முதலிலிருந்து மறுபடி போடுவது. 1999இல் ஆர்ட்ஃபுல் டாட்ஜரும் கிரெய்க் டேவிட்டும் வெளியிட்டுப் பெரிய வெற்றி பெற்ற ரீ-ரீவைண்ட் பாட்டின் துணைத்தலைப்பில் கூட்டம் போ செலக்டா என்று கத்துவதாக வருகிறதே, அதில் போ என்பது ஜமைக்க நடனக் கூடங்களில் பாராட்டாக எழுப்பும் துப்பாக்கி ஓசையின் போலி. செலக்டா என்பது செலக்டரேதான்.

ஜமைக்க அடுக்குக்குப் பக்கத்திலேயே லண்டனின் பழைய உழைக்கும் வர்க்கப் பேச்சான காக்னி அடுக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே தெருவில் புழங்கியதற்கு மிகத் தெளிவான ஆவணம் ஒரு பாட்டுதான். சாக்ஸன் சவுண்ட் சிஸ்டத்தில் பாடிய ஸ்மைலி கல்ச்சர் 1984இல் காக்னி டிரான்ஸ்லேஷன் என்ற பாட்டை வெளியிட்டார்: காக்னிக்காரர் இப்படிச் சொல்வார், ஜமைக்கர் அப்படிச் சொல்வார் என்று வரிக்கு வரி நிகர்ச்சொல் தரும் பாட்டு. இந்தத் துறையில் எந்த அகராதியை எடுத்தாலும், அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

அந்த இரண்டு அடுக்குகளையும் காதாலேயே பிரித்தறிய ஒரு வழி உண்டு. நாக்கைப் பல்லிடையில் வைத்து உச்சரிக்கும் ஆங்கில ஒலி காக்னியில் ஃப அல்லது வ ஆகிவிடும். ஜமைக்கப் பேச்சில் ட அல்லது ட-வின் அதிர்வொலி ஆகும். அதனால் அண்ணன் தம்பியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் காக்னி வழியாக வந்தால் ப்ரவ், ஜமைக்கா வழியாக வந்தால் ப்ரெட்டா. டிங், டெம், டிஸ் என்று வருபவை ஜமைக்கக் கிளை. ஒரே பாடகர் ஒரே பாட்டில் ப்ரவ் என்றும் டிங் என்றும் சொல்வார். லண்டனில் அது இயல்பு.

இவற்றின் மேல் இன்னும் பல அடுக்குகள் படிந்திருக்கின்றன. பால் என்று நண்பனைக் குறிப்பதும், குஷ்டி என்று நல்லதைச் சொல்வதும் ரோமானி மொழியிலிருந்து பல தலைமுறைக்கு முன் காக்னிக்குள் போனவை. வல்லாஹி (ஆண்டவன் மேல் ஆணை), அகி (சகோதரா) இரண்டும் அரபு; லண்டனின் சோமாலி மற்றும் பிற முஸ்லிம் இளைஞர்கள் வழியே பொதுப் பேச்சாகிவிட்டன. தொல்லை என்று பொருள்படும் வஹாலா மேற்கு ஆப்பிரிக்கா வழி. காம்பிய வேர்கள் கொண்ட ஜே ஹஸ் போன்றவர்களின் ஆஃப்ரோஸ்விங் பாட்டுகளில் இந்த அடுக்கு தடித்துத் தெரியும். ஆப் (எதிரி), ட்ரில், ட்ராப் (போதைப்பொருள் விற்கும் இடம்) ஆகியவை அமெரிக்காவிலிருந்து, அதிலும் ஆப்பும் ட்ரில்லும் சிகாகோவிலிருந்து வந்தவை. ஃபெட்ஸ் என்று போலீசைச் சொல்வதும் அமெரிக்க இறக்குமதி. பிரிட்டனில் ஃபெடரல் அரசே கிடையாது.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ., 2003இல் வெளியிட்ட முதல் சிங்கிளின் பெயர் கலாங். அதுவும் ஜமைக்கச் சொல்தான். போய்க்கொண்டே இரு என்ற ஆங்கிலத் தொடரின் கிரியோல் வடிவம். வாக்வான் என்ற வணக்கத்தில் இருக்கும் க்வான் அதற்கு நெருங்கிய உறவு.

இத்தனை அடுக்குகளில் எந்தச் சொல் எந்த அடுக்கு என்று சொல்ல சான்று வேண்டும். அதனால்தான் கிரீன்ஸ் முன்னால் நிற்கிறது.

ஜொனதன் கிரீன் என்ற அகராதிக்காரர் பல பத்தாண்டுகள் தனியாகத் தொகுத்தது இது. 2010இல் மூன்று தடித்த தொகுதிகளாக அச்சில் வந்தது; 2012இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் டார்ட்மத் பதக்கம் பெற்றது. 2016இல் இணையத்துக்கு வந்தபோது மேற்கோள்களைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அச்சுப் பிரதியை இப்போது தேடி வாங்குவதில் அர்த்தமில்லை. இணையப் பதிப்பில்தான் புதிய சொற்கள் சேர்கின்றன, பழைய பதிவுகள் திருத்தப்படுகின்றன.

ஒரு பதிவு எப்படி அமைந்திருக்கும்? தலைச்சொல், இலக்கண வகை, அடைப்புக்குள் சொற்பிறப்பு, பிறகு எண்ணிட்ட பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் மேற்கோள்கள். ஒவ்வொரு மேற்கோளிலும் ஆண்டு, நாடு, ஆசிரியர், நூல் அல்லது பாட்டு, அது வந்த வரி. இந்த நாடு, ஆண்டு இரண்டும்தான் அகராதியின் உயிர். ஒரு சொல்லின் முதல் நான்கு மேற்கோள்கள் ஜமைக்காவிலிருந்து வந்து, ஐந்தாவது லண்டன் பத்திரிகையிலிருந்து வந்தால் அந்தச் சொல் எந்தத் திசையில் பயணித்தது என்று வாசகரே தீர்ப்புச் சொல்லலாம். அகராதிக்காரரின் சொல்லை நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

உதாரணத்துக்குப் பெர்ட் என்ற சொல். சிறைத்தண்டனை என்ற பொருளில் டு பெர்ட், அதாவது தண்டனை அனுபவிப்பது, என்று இன்றைய ட்ரில் பாட்டுகளில் தாராளமாக வரும். பெர்ட் என்றால் பறவை, பறவை என்றால் கூண்டு, கூண்டு என்றால் சிறை என்று யாரும் எளிதாக ஊகித்துவிடலாம். ஜீனியஸ் போன்ற இடங்களில் எழுதுபவர்களும் அப்படி ஊகிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது காக்னி இயைபு வழக்கு. பெர்ட்லைம் என்பது பறவை பிடிக்கக் கிளையில் பூசும் பசை. அது டைம் என்ற சொல்லோடு இயைகிறது. டைம் என்றால் சிறைக்காலம். இயையும் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்வது இந்த வழக்கின் நியதி, ஆகவே பெர்ட் மட்டும் மிஞ்சியது. கூண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கறுப்பின இளைஞர்களின் பாட்டில் வருவதாலேயே ஒரு சொல் ஜமைக்காவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கும் இதுவே சாட்சி. பணத்துக்கான சொற்களிலும் இதே கலப்பு. 20 பவுண்டுக்கு ஸ்கோர், 25க்கு போனி, 500க்கு மங்கி எல்லாம் பழைய லண்டன். 1000க்கு ராக் என்பது அமெரிக்கா. அதே 1000க்குப் பேக் என்பதும் இன்றைய பாட்டுகளில் ஓடுகிறது. ஒரே நான்கு வரியில் இவை எல்லாமே வந்துவிடும்.

இன்னொன்று பேர் என்ற ஆங்கிலச் சொல். லண்டனில் ஏராளம் என்று பொருள். பேர் பீப்பிள் என்றால் ஏகப்பட்ட ஆட்கள். பொது ஆங்கிலத்தில் வெறுமை, குறைவு என்று பொருள்படும் சொல் எப்படி எதிர்ப்பொருளுக்குப் போனது? கரீபிய ஆங்கிலத்தில் அது வெறும், அது மட்டுமே என்ற பொருளில் வழங்கியது. பேச்சு முழுக்கப் பொய் என்பதற்கு வெறும் பொய் என்று நாம் சொல்வதுபோல. வேறெதுவும் இல்லாமல் அது மட்டுமே நிறைந்திருக்கிறது என்பதிலிருந்து நிறைய என்பதற்கு ஓர் அடிதான். அடுத்த அடியில் பெயரடை நிலையிலிருந்து மிகவும் என்ற பொருளுக்கும் வந்துவிட்டது. பேர் குட் என்றால் ரொம்ப நல்லது. இந்த மூன்று படிகளையும் ஆண்டு வரிசை மேற்கோள் இல்லாமல் நிறுவ முடியாது. பொருளை மட்டும் ஒற்றை வரியில் தரும் தளங்கள் இது பொது ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக்கியது என்று எழுதி முடித்துவிடுகின்றன.

கிரீன்ஸின் குறைகளும் லேசானவை அல்ல. சொற்பிறப்புப் பகுதி முழுக்கச் சுருக்கக் குறியீடுகள், எஸ்.ஈ. என்றால் பொது ஆங்கிலம், டபிள்யூ.ஐ. என்றால் மேற்கிந்தியத் தீவுகள் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். கைபேசித் திரையில் நீண்ட பதிவுகளைப் படிப்பது சிரமம். கணினியில் பார்ப்பதே வசதி. உச்சரிப்பை ஒலியாகக் கேட்க வழி இல்லை.

பெரிய குறை வேறு. இது எழுத்தில் கிடைத்ததை வைத்துத் தேதியிடும் அகராதி. கிரைமோ எழுத்தில் வாழ்ந்ததே இல்லை. அது ரின்ஸ் எஃப்எம் போன்ற திருட்டு வானொலிகளில் பிறந்தது (ரின்ஸ் 1994இல் தொடங்கியது, 2010இல்தான் உரிமம் கிடைத்தது). உயர்ந்த அடுக்குமாடிகளின் மேல் ஏரியல் கட்டி ஒலிபரப்பிய அந்த இரவுகளில் பெரும்பகுதி கேசட்டில் யாராவது பதிவு செய்திருந்தால்தான் உண்டு. பத்திரிகைக்காரர் காதில் ஒரு சொல் விழுந்து அச்சில் ஏறுவதற்குள் தெருவில் அது சில ஆண்டு ஓடி முடிந்திருக்கும். ஆகவே கிரீன்ஸ் 2005 என்று முதல் மேற்கோள் தந்தால், அந்த ஆண்டுக்குள் சொல் பிறந்தாகிவிட்டது என்று மட்டுமே படிக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் பிறந்தது என்று படிக்கக் கூடாது.

இந்த இடைவெளியை நாமே ஓரளவு நிரப்பலாம். 2004இல் வந்த லார்ட் ஆஃப் த மைக்ஸ், ரிஸ்கி ரோட்ஸ் போன்ற கிரைம் டிவிடிகளில் பாட்டை விட, பாட்டுக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சு அரிய சான்று. ஜமால் எட்வர்ட்ஸ் 2006இல் தொடங்கிய எஸ்பிடிவியின் யூடியூப் காணொளிகளில் பதிவேற்றிய நாளே தேதிச் சான்று. பழைய காணொளிகளை மறுபடி பதிவேற்றியவர்களின் தேதியை எடுத்துவிடாமல் மூலச் சேனலைப் பார்க்க வேண்டும்.

அர்பன் டிக்ஷனரி பயன்படுவதும் இதே இடத்தில்தான். 1999இல் ஆரன் பெக்கம் தொடங்கிய தளம் அது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், மற்றவர்கள் கட்டைவிரலை மேலோ கீழோ காட்டி வாக்களிப்பார்கள். வேடிக்கையாக எழுதினால் வாக்கு விழும். சரியாக எழுதியது ஐந்தாவது பக்கத்தில் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதிய நாள் இருக்கிறது. ஒரு சொல்லுக்கான எல்லாப் பக்கங்களையும் புரட்டி மிகப் பழைய தேதியைக் கண்டுபிடித்தால், அந்தச் சொல் குறைந்தது அந்த நாளில் இணையத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு உறுதியான ஆதாரம். 2000களின் லண்டன் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சொற்களை அங்கே ஆர்வமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அச்சுப் பத்திரிகைகள் அப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே சொற்பிறப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதிலும் முதலெழுத்துச் சுருக்கமாக விளக்கம் வந்தால் உடனே ஒதுக்கிவிடலாம். சாவ் என்ற இழிசொல்லை அரசுக் குடியிருப்பையும் வன்முறையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று விளக்குவது இணையம் முழுக்கப் பரவியிருக்கிறது. அது ரோமானியில் பிள்ளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதலெழுத்துக் கதை பின்னால் கட்டியது. தெருப் பேச்சுச் சொற்களில் முதலெழுத்துச் சுருக்கமாகப் பிறந்தவை மிகக் குறைவு. யாராவது அப்படிச் சொன்னால் சான்று காட்டும் பொறுப்பு அவருடையது.

ஜீனியஸுக்கு வருவோம். 2009இல் ராப் எக்ஸஜீசிஸ் என்ற பெயரில் தொடங்கி, ராப் ஜீனியஸ் ஆகி, 2014இல் ஜீனியஸ் என்று சுருங்கியது. 2021இல் மீடியாலேப் நிறுவனம் 8 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரம் மிகுதி, வரிகளுக்கு நடுவிலேயே வந்து விழும். பாட்டின் வரிகள் முழுதாக இருக்கும். நிறமிட்ட வரியைத் தொட்டால் உரை திறக்கும். வரியோடு சேர்த்துப் பொருள் சொல்வது வேறெந்த அகராதியிலும் கிடைக்காத வசதி. டிங் என்ற ஒரே சொல் ஒரு வரியில் பெண்ணையும் அடுத்த வரியில் துப்பாக்கியையும் மூன்றாவதில் வெறும் பொருளையும் குறிக்கும்போது அகராதி மூன்றையும் எண்ணிட்டுத் தரும். எது எங்கே என்று ஜீனியஸ்தான் சொல்ல முயல்கிறது.

முயல்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறோம். உரையைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பொருளை அல்ல, யார் எழுதியது என்பதை. பாடகரே எழுதிய உரைக்குச் சரிபார்க்கப்பட்ட கலைஞர் என்ற அடையாளம் இருக்கும், அதை ஏற்கலாம். சரிபார்க்கப்படாத உரை என்ற குறி இருந்தால் ஊகமாக மட்டும் கொள்ளலாம். இடைப்பட்டவை அமெரிக்கக் காதால் கேட்டு எழுதியவையாக இருக்க வாய்ப்புண்டு. பிரிட்டிஷ் பாட்டில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு அதுவே காரணம்.

ஏர் என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராப்பில் அது சுட்டுத் தள்ளுவதைக் குறிக்கலாம். லண்டனில் அனுப்பிய செய்திக்குப் பதில் போடாமல் விடுவது. பீக் என்பது உச்சம் அல்ல, கெட்ட காலம், பாவம் என்ற பொருள். அலௌ இட் என்பது அனுமதி கொடு என்பதல்ல, விட்டுவிடு, வேண்டாம் என்பது. லாங் என்றால் அலுப்பூட்டுகிற வேலை. பெய்ட் என்றால் அப்பட்டமாகத் தெரிவது. இந்த ஐந்தும் பொது ஆங்கிலச் சொற்கள் என்பதால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். தெரிந்த பொருளையே வைத்து வரியை விளக்கிவிடுவார்கள். தெரியாத சொல்லை விட இத்தகைய சொற்களே ஆபத்து. வரி பொருந்தாமல் முறைத்தால், அதில் மிக எளிதான சொல்லை முதலில் கிரீன்ஸில் போட்டுப் பாருங்கள்.

வரிப்படியே தவறாக இருந்தால் உரை எப்படிச் சரியாக இருக்கும் என்ற கேள்வியும் உண்டு. வரிகளையும் பயனர்களே கேட்டு எழுதுகிறார்கள். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் டகரத்தைத் தொண்டையில் விழுங்கிவிடும் லண்டன் உச்சரிப்பும், நிமிடத்துக்கு 140 பீட் வேகமும் சேர்ந்தால் பழகாத காதுக்குப் பாதி போய்விடும். சந்தேகம் வந்து வேறு வரித்தளத்தில் பார்த்து அங்கேயும் அப்படியே இருக்கிறது என்று திருப்தி அடைய வேண்டாம். தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்கின்றன. கூகுள் தேடல் முடிவுகளில் தன் வரிகள் இருப்பதாக 2019இல் ஜீனியஸே குற்றம் சாட்டியது. நேரான அபாஸ்ட்ரஃபி குறியையும் (') வளைந்த குறியையும் (’) மாற்றி மாற்றி அமைத்து மோர்ஸ் குறியீட்டில் ஒரு செய்தியை வரிகளுக்குள் ஒளித்துவைத்து அதைக் காட்டியது. வழக்கு 2020இல் தள்ளுபடியானது. வாசகருக்கு அதில் இருக்கும் செய்தி, நான்கு தளங்களில் ஒரே வரி இருப்பது நான்கு சாட்சிகள் ஆகாது என்பதே.

தேடும்போது வரும் இன்னொரு தொல்லை எழுத்துக்கூட்டு. வாக்வான் என்ற சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டு உண்டு, இதில் லண்டன்காரர்கள் இறுதி னகரத்துக்கு முன் ஓர் ஆர் எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். தென் இங்கிலாந்தில் அந்த இடத்தில் ஆர் ஒலிக்காது. உயிரை நீட்டுவதற்கான குறியாகவே அதைப் போடுகிறார்கள். துணியைக் குறிக்கும் கிளாட் என்று முடியும் ஜமைக்க வசவுகளிலும் அதே கதை. ஆர் இருந்தால் எழுதியவர் இங்கிலாந்துக்காரர், இல்லாவிட்டால் ஜமைக்க மரபு என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். கிரீன்ஸ் மாற்று வடிவங்களைத் தருகிறது, ஆனாலும் எல்லாவற்றையும் அல்ல. ஒரு வடிவத்தில் கிடைக்காவிட்டால் ஆர் சேர்த்து, நீக்கி, ட-வுக்குப் பதில் பொது ஆங்கில எழுத்துக்கூட்டைப் போட்டு, இரட்டை மெய்யை ஒற்றையாக்கி, குறைந்தது நான்கு வடிவம் தேடிய பிறகே இல்லை என்று முடிவு செய்யுங்கள். ஜமைக்கச் சொல் என்று சந்தேகம் வந்தால் கேசிடியும் லெ பேஜும் தொகுத்து கேம்பிரிட்ஜ் 1967இல் வெளியிட்ட ஜமைக்க ஆங்கில அகராதி இருக்கிறது. 1980இன் இரண்டாம் பதிப்பு நூலகங்களில் கிடைக்கும். பிரிட்டனில் இருப்பவர்கள் பல ஊர்களில் பொது நூலக அட்டை எண்ணைக் கொண்டே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியை வீட்டிலிருந்து காசில்லாமல் திறக்கலாம். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

மூன்று தளங்களும் சேர்ந்து கோட்டை விடும் இடம் இலக்கணம். மேன்டெம் என்றால் நண்பர் கூட்டம் என்று எல்லாமே சொல்கின்றன. டெம் என்பது ஜமைக்க கிரியோலின் பன்மை விகுதி, பெயருக்குப் பின்னால் ஒட்டும், அதனால்தான் பெண்களுக்கு கியால்டெம், போலீசுக்கு பாய்டெம் என்று புதிய சொற்கள் தாராளமாகப் பிறக்கின்றன என்பதை வாசகர் தானே கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேன் என்ற சொல் இன்னும் சிக்கல். லண்டன் இளைஞர் பேச்சில் அது பிரதிப்பெயராகவே ஆகிவிட்டது. நான் வருகிறேன் என்பதற்கு மேன் வருகிறான் என்ற பாங்கில் சொல்வார்கள்; இடத்துக்கேற்ப நீ, அவன் என்ற பொருளும் வரும். குயின் மேரி பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஜென்னி செஷயர் 2013இல் இதைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அவரும் பால் கெர்ஸ்வில் உள்ளிட்டோரும் 2004 முதல் ஹாக்னி, ஹேவரிங் பகுதிகளில் பேச்சைப் பதிவு செய்து நடத்திய ஆய்வுகளிலிருந்தே இந்தப் பேச்சுவகைக்குப் பன்முகப் பண்பாட்டு லண்டன் ஆங்கிலம் என்ற பெயர் நிலைத்தது. பாட்டில் மேன் வரும்போது அது பாடுபவரா, எதிரியா, மூன்றாம் ஆளா என்று வினையை வைத்தும் முந்தைய வரியை வைத்தும்தான் முடிவு செய்ய முடியும். ஜீனியஸ் உரைகள் இதைக் கவனிக்காமல் தாண்டுவது உண்டு.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. பிரிட்டனில் ராப் வரிகளைக் குற்றவியல் வழக்குகளில் சான்றாக வைக்கிறார்கள். போலீஸ் அதிகாரிகளே சொற்பொருள் நிபுணர்களாகச் சாட்சி சொல்வதும் உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ப்ராசிக்யூட்டிங் ராப் என்ற திட்டம் இத்தகைய வழக்குகளை ஆராய்கிறது. 2018 ஜூனில் மேற்கு லண்டனின் 1011 என்ற ட்ரில் குழுவினருக்கு, புதிய காணொளி வெளியிட்டால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த நிலையில் ஷாட் என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். லண்டன் தெருவில் அது நிகழ்கால வினை. போதைப்பொருள் விற்பது என்று பொருள். விற்பவர் ஷாட்டர், விற்கும் தொழில் ஷாட்டிங், இறந்தகாலம் ஷாட்டட். சுடுவது என்ற ஆங்கில வினையின் இறந்தகால வடிவமும் ஷாட்தான். நான் ஷாட் என்று தொடங்கும் ஒரு வரியைத் தவறாகப் படித்தால் சில்லறை விற்பனை கொலை முயற்சியாக மாறிவிடும். வேறுபடுத்துவதற்குச் செயப்படுபொருளைப் பார்க்க வேண்டும்: பின்னால் வருவது ஆளா, சரக்கா? சரக்குக்கு ஃபுட், லைட், டார்க் போன்ற குழூஉக்குறிகள் இருப்பதால் அந்தச் சொல்லையும் தேடியாக வேண்டும். ஒரு வரிக்கு இரண்டு தேடல். இந்த அளவு பொறுமை இல்லாமல் யாரும் யாருடைய வரிக்கும் பொருள் சொல்லக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

லண்டனுக்கு வெளியே போனால் மூன்று தளங்களுமே மெலிந்துவிடுகின்றன. பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லிவர்பூல் கலைஞர்களின் வரிகளில் வரும் வட்டாரச் சொற்களை லண்டன் சொல் என்றே முத்திரையிட்டு விடுகிறார்கள். அதற்கு ஆங்கில விக்சனரியைக் கூடுதலாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். லண்டன் வழக்குக்குத் தனிப் பகுப்பு அங்கே இருக்கிறது, ஊர்ப் பெயரோடு குறியிடும் பழக்கமும் உண்டு. மேற்கோள் இருக்கும் பதிவை ஏற்கலாம். மேற்கோள் இல்லாததை அர்பன் டிக்ஷனரிக்கு நிகராக வையுங்கள்.

விலை என்று பார்த்தால் எல்லாமே இலவசம் என்பதால் தேர்வு நேரத்தைப் பொறுத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புரிய வேண்டும் என்றால் ஜீனியஸ் போதும். கட்டுரை எழுதவோ, மொழிபெயர்க்கவோ, மாணவர்களுக்குச் சொல்லவோ போகிறீர்கள் என்றால் கிரீன்ஸில் அரை மணி நேரம் செலவிடுங்கள். எடுத்த குறிப்பில் சொல்லோடு முதல் மேற்கோளின் ஆண்டையும் நாட்டையும், நீங்கள் பார்த்த தேதியையும் எழுதிவையுங்கள். பதிவுகள் திருத்தப்படும்போது, இன்னும் பழைய மேற்கோள் கிடைத்தால், அந்த ஆண்டு பின்னோக்கி நகரும்.